கண்ணாடி ஏறாத கார்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது என் கணவர். அந்த ஒரு காரியத்துக்காக அவர் வருத்தப்பட்ட அளவுக்கு வேறு எதற்கும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பொழுதுபோகாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அதைத் திரும்ப வாங்க அவரால் முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வண்டன்மேட்டிலிருந்து இன்னும் மேலே ஏறிப் போனால் எங்கள் ஏலக்காய்த் தோட்டம். நான் அங்கே வாக்கப்பட்டுப் போனவள். பிறந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அங்கே வாசலில் நின்றால் பொள்ளாச்சி பஸ் போவது தெரியும். இங்கே வாசலில் நின்றால் மஞ்சு மூட்டம் தெரியும். அது விலகினால் மழை தெரியும். கல்யாணமான புதிதில் இந்த மேட்டில் என்னைக் கொண்டுவந்து வைத்தார்களே என்று கோபமாக வரும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சமையலறைப் பாத்திரங்களின் மேல் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் காய் நல்ல விலைக்குப் போனது. ஏலக்காய்க்காரர்களுக்குக் கையில் காசு புரண்டால் இருப்புக் கொள்ளாது. சிலர் கம்பத்தில் மாடி வீடு கட்டுவார்கள். சிலர் மச்சினன் பேச்சைக் கேட்டு லாரி வாங்குவார்கள். என் கணவர் மெட்ராஸுக்குப் போய் ஓர் அமெரிக்கக் காரோடு திரும்பி வந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். ஸ்டியரிங் இடது பக்கம். பின் சீட்டில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம். எல்லாவற்றையும் விட அதிசயம் கண்ணாடிதான். கைப்பிடியைச் சுற்ற வேண்டியதில்லை. சுவிட்சை அழுத்தினால் தானாக ஏறும், தானாக இறங்கும். ஓட்டுகிறவர் கதவில் நாலு கண்ணாடிக்குமான நாலு சுவிட்சுகள். மற்ற மூன்று கதவுகளிலும் அந்தந்தக் கண்ணாடிக்கு ஒவ்வொன்று. வண்டி வந்த வாரம் தோட்டத்தில் வேலை செய்கிற பெண்களெல்லாம் காய் எடுப்பதை விட்டுவிட்டு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் மாமியாருக்கு இழுப்பு உண்டு. குளிர்காற்று முகத்தில் பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது ஒரு ஜீப். அதன் பக்கவாட்டில் தார்ப்பாய் தொங்கும், காற்று அதைத் தூக்கித் தூக்கி அடிக்கும். அதனால் மழைக்காலம் பிறந்தால் அவர் வீட்டைவிட்டு இறங்கியதே கிடையாது. கண்ணாடியை முழுக்க ஏற்றிக்கொள்ளும் ஒரு வண்டி வந்ததும் அவருக்குப் புது உயிர் வந்தது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் எனக்கும் வந்தது. வாரம் ஒருநாள் நாங்கள் இருவரும் குமுளி வழியாகக் கம்பத்துக்கு இறங்குவோம். கணவரிடம் சொல்வது, டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று. டாக்டரைப் பார்ப்பதும் உண்மைதான். பார்த்த பிறகு மேட்னி ஷோ பார்ப்போம், புரோட்டா சாப்பிடுவோம், ஜாக்கெட் துணி எடுப்போம். திரும்பி வரும்போது மாமியார் பின் சீட்டில் படத்தின் கதையை, நானும் கூடவே பார்த்திருந்தாலும், எனக்கு முதலிலிருந்து சொல்லுவார். நான் அந்த வீட்டில் சந்தோஷமாக இருக்க ஆரம்பித்தது அந்தக் காரில்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அப்படி ஒருநாள் திரும்பும்போது குமுளி செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டு அரிசியை மேலே கடத்திக்கொண்டு போவது அப்போது பெரிய தொழில். இத்தனை பெரிய காரில் இரண்டு பெண்கள் போனால் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள். கண்ணாடியை இறக்கச் சொன்னார் காவலுக்கு நின்றவர். நாலையும் இறக்கிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். ஏற்றுகிற பக்கம் சுவிட்சை அழுத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. நாலு சுவிட்சையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். மாமியார் தன் கதவுச் சுவிட்சை அழுத்திப் பார்த்தார். நாலு கண்ணாடியும் கதவுக்குள் இறங்கிப்போய் உட்கார்ந்துவிட்டன.

வண்டன்மேடு வரைக்கும் மழை. இரண்டு பக்கமும் சாரல் உள்ளே அடித்தது. மாமியார் புதுத் துணி, பழைய துணி எல்லாவற்றையும் எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டார். வீடு வந்து சேரும்போது அவர் நெஞ்சு விசிலடிப்பது முன் சீட்டில் எனக்குக் கேட்டது. அன்றைக்கு அவர் படுக்கவில்லை, உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். நான் பக்கத்திலேயே இருந்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் ஒரே மூச்சில் முடிவு செய்கிறவர். வாங்கும்போதும் அப்படித்தான், விற்கும்போதும் அப்படித்தான்.

"கண்ணாடி ஏறாத வண்டிய மழக்காலத்துல வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றார் மறுநாள் காலையில். "கம்பத்துல ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. அடுத்த காய் ஏலத்துக்கு வண்டன்மேட்டுக்கு வர்றப்ப வந்து எடுத்துக்கிறச் சொல்றேன்."

அந்த ஒருத்தரை எனக்குத் தெரியும். காய் வியாபாரத்தோடு பழைய வண்டிகளையும் வாங்கிப் பிரித்து, இன்ஜினை ஒருவருக்கும் டயரை ஒருவருக்கும் விற்கிறவர். வண்டியை முழுதாக வைத்திருக்கிற எண்ணம் அவருக்குக் கிடையாது. கார் போய்விட்டால் மழைக்காலம் முழுக்க நானும் மாமியாரும் அந்த மேட்டில்தான். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேச மூச்சு இல்லை.

"அதுக்குள்ள கண்ணாடி ஏறிருச்சுன்னா என்னுங்க பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"ஏறாது."

"ஏறிருச்சுன்னா?"

"ஏறுச்சுன்னா நீயே வச்சுக்க. ஏறாது."

அந்த இரண்டாவது 'ஏறாது' என் காதில் விழுந்த விதம் சரியாக இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு காரியத்தை முடியாது என்று இரண்டு தடவை சொல்லக்கூடாது.

கட்டப்பனையிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார் கணவர், விற்பதற்கு முன்னால் ஒப்புக்கு. ஜீப் வேலையில் கெட்டிக்காரர் அவர். ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. சுவிட்சை அழுத்தினார், தலையை ஆட்டினார்.

"நாலு மோட்டரும் போயி சேச்சி. இது நம்மட ஜீப் அல்லல்லோ. பார்ட்ஸ் கிட்டில்ல" என்றார். கதவைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "உள்ள ஒரு ஸ்பிரிங் உண்டு. மோட்டரைக் கழட்டினா அது தெறிக்கும், வெரலைக் கொண்டு போகும். சூச்சிக்கணும்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அந்த எச்சரிக்கைக்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டவள்.

ஆனால் நாலு மோட்டாரும் போய்விட்டது என்று அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு கிணறு, இரண்டிலும் மோட்டார். கரண்டு எப்போது வருகிறதோ அப்போது ஓடிப்போய்ப் போட வேண்டும், அது என் வேலை. ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதும் என் வேலையாகிப்போனது. மோட்டார் எரியும், அது சகஜம். இரண்டும் ஒரே நிமிஷத்தில் எரிந்து நான் பார்த்ததில்லை. செக்போஸ்ட்டில் நாலும் நன்றாக இறங்கின. அடுத்த நிமிஷம் நாலும் சேர்ந்தா எரியும்? எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

கார் தகரக் கொட்டகையில் நின்றது. பகலில் கணவர் தோட்டத்துக்குப் போனதும் நான் போய் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பிச் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருந்தேன். மாமியார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வீட்டில் தனியாக உட்கார்ந்தால் மூச்சு இன்னும் முட்டுகிறது என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏத்தா, பல்லி சொல்லுது" என்றார்.

"எங்கீங்கத்தை?"

"வண்டிக்குள்ள. நீ அமுக்குறப்பெல்லாம் சொல்லுது. கெழக்க இருந்து சொல்லுது, நல்லதுதான்."

நான் மழைச் சத்தத்தில் கவனிக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று கேட்டது. விடாமல் அழுத்தினால் கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டக்'. பல்லி இல்லை. கிணற்று மோட்டாரில் எங்காவது வயர் பாடியில் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்டார்ட்டர் இப்படித்தான் பிடித்துப் பிடித்து விடும். கரண்டு வருகிறது, எங்கேயோ தப்பான வழியில் ஓடுகிறது, உடனே ஏதோ ஒன்று அதை வெட்டிவிடுகிறது. ஃபியூஸ் மாதிரி எரிந்து போகாமல், வெட்டிவிட்டு ஆறியதும் திரும்பச் சேருகிற சாமான் அது. அப்படியென்றால் மோட்டார்கள் சாகவில்லை. நாலு கதவில் ஏதோ ஒன்று கெட்டுப்போய் மற்ற மூன்றையும் பட்டினி போடுகிறது.

எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க வழி சுலபம். ஒவ்வொரு கதவுக்கும் போகிற வயர்கள் ஒரு ரப்பர்க் குழாய்க்குள் வந்து, உள்பக்கம் ஒரு பிளக்கில் சேருகின்றன. ஒவ்வொரு பிளக்காகக் கழற்ற வேண்டும். கெட்ட கதவைக் கழற்றினால் மற்றவை பிழைத்துக்கொள்ளும்.

முதலில் மாமியாரின் கதவைத்தான் சந்தேகப்பட்டேன். குழந்தைபோல எந்நேரமும் கண்ணாடியை ஏற்றி இறக்கி விளையாடுகிறவர் அவர். கழற்றினேன், 'டக்' நிற்கவில்லை.

"என் மேல பழியப் போடப் பாத்தியாக்கும்" என்றார்.

அடுத்தது அவருக்கு மறுபக்கத்துக் கதவு. நிற்கவில்லை. முன்னால் வலது பக்கம். நிற்கவில்லை. மிச்சம் இருந்தது ஓட்டுகிறவர் கதவு. நாங்கள் கம்பத்துக்குப் போகிற நாள் போக மற்ற நாட்களில் என் கணவர் உட்கார்கிற இடம். அங்கே குற்றம் இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றாமல்தான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அந்தப் பிளக்கைக் கழற்றிவிட்டு, மற்ற மூன்றையும் திரும்ப மாட்டினேன்.

"அத்தை, உங்க சுவிட்ச அமுத்துங்க."

அழுத்தினார். அவர் பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள்ளிருந்து எழுந்து, வழியில் எங்கும் நிற்காமல் மேலே போய் முட்டியது. மாமியார் அதைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து மறுபக்கத்தையும் ஏற்றினார். நான் முன் பக்கம் ஏற்றினேன். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குள் எந்த ஊருக்கும் போகாமல் உட்கார்ந்துகொண்டு சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

மூன்று ஏறினால் போதாது. ஓட்டுகிறவர் பக்கம் திறந்து கிடந்தால் மழையும் காற்றும் அந்த வழியாக உள்ளே வரும், கணவரும் விற்றுவிடுவார். ஏலத்துக்கு அதிக நாள் இல்லை. அந்தக் கதவைப் பிடித்து ஆட்டினேன். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டது.

கதவின் உள்பக்க அட்டையில் தெரிகிற திருகாணிகளைக் கழற்றினேன். தெரியாத கொக்கிகளைத் தோசைக் கரண்டியை விட்டு நெம்பினேன். அட்டை கையோடு வந்தது. வந்த வேகத்தில் ஒரு வாசனை என் முகத்தில் அறைந்தது. ஏலக்காய் வாசனைதான், ஆனால் ஊறிப் புளித்துப்போன வாசனை. கைவிளக்கை உள்ளே நீட்டினேன். கதவின் அடியில் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு சேறு. கையை விட்டு அள்ளினேன். அத்தனையும் ஏலக்காய்க்குள் இருக்கும் விதையான ஏலரிசியும் ஏலத்தோலும். ஒரு படிக்கு மேல் இருக்கும். கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போக அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றை இந்தச் சேறு அடைத்துக்கொண்டது. தண்ணீர் நின்று, மோட்டார் பாதி முழுகி, அதன் வயரில் சுற்றியிருந்த துணி ஊறிப் பிய்ந்து, செம்புக் கம்பி கதவின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அது எப்படி அங்கே போனது என்று எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. ஏலக்காய்க்காரர்கள் காயைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் இல்லை. பெருவிரல் நகத்தால் கீறி, உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா, பிசுபிசுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இரண்டை வாயில் போட்டால்தான் பேச்சே தொடங்கும். என் கணவர் காரை எங்கே நிறுத்தினாலும் ஒரு தரகரோ வியாபாரியோ ஓடிவந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொள்வார். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் ரோட்டோரம் நிற்கிறவருக்கு நேராக அந்த ஜன்னல்தான். இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் காயைக் கீறுவார்கள். கீறிய தோலைப் புதுக்காருக்குள் போட மனம் வராது. சரி, வெளியே ரோட்டில் போடலாம் அல்லவா? அதுதான் முடியாது. விளைந்த காயைக் கால் மிதிபடுகிற இடத்தில் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுக் கட்டளை. அதனால் கண்ணாடி இறங்குகிற இடுக்கில் போட்டுவந்திருக்கிறார்கள். அங்கே யாருடைய காலும் படாது.

இதில் பெரிய சங்கடம், அந்தக் கட்டளையைப் போட்டவர் என் மாமியார். காயை மிதித்தவன் வீட்டில் விளக்கு எரியாது என்று மகனைச் சின்ன வயதிலிருந்தே மிரட்டி வளர்த்தவர். நான் அள்ளி வெளியே கொட்டியதை அவர் கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவன ஒண்ணும் வையாத" என்றார்.

கணவர் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு காய், பெருவிரல் நகம் அதற்குள். கொட்டிக் கிடந்த குவியலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பாதி கீறிய காயை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் எத்தனையோ சண்டையில் அவரை ஜெயித்திருக்கிறேன். வாயையே திறக்காமல் ஜெயித்தது அன்றைக்குத்தான், அந்த ருசி எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

மோட்டாரைக் கழற்றும் முன்பு ஸ்பிரிங் ஞாபகம் வந்தது. கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கையில் பல் வைத்த தகடு ஒன்று இருந்தது. அதில் நீளமான ஒரு போல்ட்டை விட்டு அசையாமல் பூட்டினேன். அதன் பிறகுதான் மோட்டாரில் கை வைத்தேன். ஸ்பிரிங் தெறிக்கவில்லை, பத்து விரலும் என்னிடமே இருக்கின்றன. மோட்டாரைக் கையில் எடுத்துச் சாய்த்தபோது அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

இதைக் காய வைக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையாக இருந்தால் வெயிலில் வைத்தால் போதும், சாயங்காலம் எடுத்துவிடலாம். இந்த மேட்டில் மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரமாகவே இருக்கும். சுற்றிலும் ஒரே சீராகச் சூடு கிடைக்கும் இடம் எங்கள் தோட்டத்தில் ஒன்றுதான் உண்டு. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர். விறகுச் சூட்டைக் குழாய் வழியாக அறை முழுக்கக் கொண்டுபோய், கம்பித்தட்டுகளில் பரப்பிய காயின் பச்சை மங்காமல் உலர்த்துவார்கள்.

"ஸ்டோர்ல வெச்சுப்போடலாமுங்க" என்றேன்.

அதுவரை வாயடைத்திருந்தவருக்கு அப்போது குரல் வந்துவிட்டது. "கிறுக்குப் பிடிச்சிருக்கா? எண்ணெ வாட காய்ல ஏறுச்சுன்னா ஒருத்தன் தொடமாட்டான். மொத்தக் காயும் போயிரும்."

அவர் சொன்னது நியாயம். ஏலக்காய் பக்கத்தில் இருக்கிற எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் பீடி குடித்த ஆளை அவர் வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறார். நான் ஈர மோட்டாரைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மாமியார்தான் தீர்ப்புச் சொன்னார். "காய வாரி எடுத்த பெறகு சூடு மிச்சம் இருக்கும்ல. அப்ப வையி. பெறகு கதவத் தெறந்து விட்டு, தட்ட வெந்நீ ஊத்திக் கழுவிப்புடு. தோட்டம் எம் பேர்லதான இருக்கு, நான் சொல்றேன்."

அப்படியே செய்தோம். காயை வாரி எடுத்து மூட்டை கட்டியதும், காலியான கம்பித்தட்டில் மோட்டாரை மட்டும் வைத்துக் கதவைச் சாத்தினேன். விறகை அணைத்த பிறகும் சூடு நெடுநேரம் நின்றது. எடுத்தபோது மோட்டார் எலும்பாகக் காய்ந்திருந்தது. தட்டுகளை நானே வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். பிய்ந்த வயருக்குப் புது வயர் சேர்த்து, டேப்பை இறுக்கிச் சுற்றினேன். கதவின் அடி ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு செம்பு தண்ணீரை உள்ளே ஊற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் வெளியே ஓடியது.

ஏலத்தன்று மத்தியானம் மோட்டாரைத் திரும்ப மாட்டினேன், போல்ட்டை எடுத்தேன், பிளக்கைச் சேர்த்தேன். மாமியார் கம்பத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் ஏற்கனவே உட்கார்ந்துவிட்டார். அவர் நம்பிக்கை எனக்குப் பயத்தைத்தான் தந்தது. சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி எழுந்தது. பாதிக்கு வந்தது. அங்கே ஒரு முனகலோடு நின்றுவிட்டது.

வெளியே வண்டிச் சத்தம். கம்பத்துக்காரர் ஏலத்தை முடித்துக்கொண்டு, என் கணவரோடு ஜீப்பிலேயே வந்து இறங்கினார். இரண்டு பேரும் ஒரே குடைக்குள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஏறினார்கள். காப்பி கொடுக்க வேண்டியவள் நான். நான் போகவில்லை.

பதறாமல் யோசித்தேன். 'டக்' சத்தம் இல்லை. முனகுகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, தூக்க முடியாமல் திணறுகிறது. கண்ணாடியை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி ஓடுகிற ரப்பர்ப் பள்ளத்தில் விரலை ஓட்டினேன். பிசுபிசுவென்று ஒட்டியது. கீறிய காயிலிருந்து தெறித்த அரிசி பள்ளம் நெடுகப் பசைபோல் ஒட்டி இறுகிக் கிடந்தது. தென்னந் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிச் சுரண்டினேன். குச்சி ஒடிய ஒடிய மாமியார் அடுத்ததை நீட்டினார். சுரண்டி முடித்து, ஈரத்துணியால் துடைத்து, பள்ளம் முழுக்கச் சோப்பைத் தேய்த்தேன்.

அதற்குள் இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். நான் சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பி, கொட்டகையை விட்டு மழைக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன். கம்பத்துக்காரர் குடையோடு வந்து என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் குனிந்தார்.

"ஏம்மா, கண்ணாடிதான் ஏறலேன்னாங்களே. மழையில நிறுத்தி சீட்ட நனைக்கலாமா? இன்னைக்கு நான்ல எடுத்துட்டுப் போகணும்" என்றார்.

"கைய எடுத்துக்குங்க" என்றேன்.

எடுத்தார். நான் ஏற்றுகிற சுவிட்சை அழுத்தினேன். கண்ணாடி எழுந்து, பாதியில் நின்ற இடத்தை நிற்காமல் தாண்டி, மேலே போய்ச் சேர்ந்தது. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது, பேச்சு கேட்கவில்லை. மழைச் சத்தமும் கேட்கவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. மறுபடி இறக்கினேன்.

இறக்கியதும் கேட்டது என் கணவரின் குரல். குடைக்கு வெளியே தலை நனைய நின்றுகொண்டு கம்பத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"கட்டப்பன மெக்கானிக்கு முடியாதுன்னுட்டுப் போயிட்டாருங்க. எங்க வீட்ல பிரிச்சு மேஞ்சிருச்சு. மோட்டரக் கழட்டி, காய வச்சு, வயரு சேத்து, அம்புட்டும் அதே செஞ்சுச்சு. கண்ணாடி ஏறுச்சுன்னா வண்டி அதுக்கேன்னு சொல்லிட்டேன். நீங்க அதுகிட்டத்தான் கேக்கணும்."

கம்பத்துக்காரர் என் பக்கம் திரும்பினார். காரை ஜெயித்ததைவிட என் கணவரின் அந்தப் பேச்சு பெரிதாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் நான் வாயைத் திறப்பதற்காக மழையில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பின் சீட்டிலிருந்து மாமியார் என் தோளைத் தட்டினார்.

"டாக்டரு போயிருவாரு. கண்ணாடிய ஏத்திட்டுக் கெளம்புத்தா, குளுருது."

ஏற்றினேன்.